நிலவு மண்ணில் ஒட்சிசன்: கொக்கிளாய்க் கரையிலிருந்து சில கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் என் மாமா குடியிருக்கும் தொடர்மாடியில் மூன்றாம் தளத்துக்கு ஏறினால், கதவைத் தட்டுவதற்கு முன்னரே உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்கும். யாரோ விட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவது போன்ற சத்தம். அது அவருடைய ஒட்சிசன் மெஷின். 2021 ஓகஸ்டில் அவருக்குக் கொரோனா வந்தது. உயிர் தப்பியது, நுரையீரல் பழையபடி வரவில்லை. அதே ஓகஸ்டில்தான் இந்தியக் கடற்படையின் 'சக்தி' என்ற கப்பல் 100 தொன் திரவ ஒட்சிசனுடன் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. மாமாவின் வீட்டிலிருந்து துறைமுகம் கூப்பிடு தூரம். 'கப்பலில் மூச்சு வருகுது' என்று அன்று அயலவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. மெஷின் நின்றது. வெள்ளவத்தையிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது, வாடகைக்கு எடுத்து வைத்திருந்த சிறிய சிலிண்டரின் முள் சிவப்புப் பகுதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அறையில் இருந்த காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன்தான். ஆனால் அதைப் பிரித்து மாமாவின் மூக்குக்குக் கொண்டுபோக மின்சாரம் இல்லை.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது மாமா தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நிலாவில மண்ணை உருக்கி ஒட்சிசன் எடுக்கப் போறாங்களாம். மெய்யே?"

"மெய்தான் மாமா. ஆனா அங்க இன்னும் எடுக்கேல்ல. பூமியில வச்சுத்தான் செய்து பாக்கினம்."

"என்ன மண்?"

"கனக்க வகை இருக்கு. தொடக்கத்திலயே விஞ்ஞானிகள் கண் வச்சது இல்மனைட்டில."

மாமா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "இல்மனைட்டோ? அது எங்கட கரையில கிடக்கிற கறுப்பு மணலெல்லோ?"

மாமா பிறந்தது கொக்கிளாயில். களப்பின் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் புல்மோட்டை. அவர் சொன்னது சரி. நிலவிலும் கிழக்குக் கரையிலும் இருப்பது ஒரே கனியம்தான். இரும்பும் தைத்தானியமும் ஒட்சிசனும் சேர்ந்த கறுப்புப் பொருள். நிலவில் ஒட்சிசன் எடுக்கும் முயற்சியை எங்களில் பலர் தூரத்துச் செய்தியாகக் கடந்து போகிறோம். இந்தச் செய்தியில் எங்களுக்குப் பழக்கமான விடயங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அந்த மணல். மற்றையது, மணலுக்கு விலை வரும்போது அதைச் சுற்றிப் போடப்படும் வேலி.

மண்ணுக்குள் பூட்டிய ஒட்சிசன்

நிலவில் மூச்சு விடக் காற்று இல்லை. ஆனால் நிலவு மண்ணின் எடையில் 40 முதல் 45 சதவீதம் ஒட்சிசன். அது வாயுவாக இல்லை. சிலிக்கன், இரும்பு, அலுமினியம், கல்சியம், தைத்தானியம் போன்ற மூலகங்களோடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. அந்தப் பிணைப்பை உடைப்பதுதான் வேலை. உடைக்கப் பல வழிகள் முயன்று பார்க்கப்படுகின்றன.

இவற்றில் பழையது இல்மனைட் வழி. 1969இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த கற்களிலேயே இல்மனைட் நிறைய இருந்தது. நிலவில் கண்ணுக்குக் கறையாகத் தெரியும் சமவெளிகள் பழைய எரிமலைக் குழம்பு உறைந்தவை. அவற்றில் சில தைத்தானியம் மிகுந்தவை. இல்மனைட்டை 900 முதல் 1000 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி ஐதரசன் வாயுவைச் செலுத்தினால், ஐதரசன் அதிலிருந்து ஒட்சிசனைப் பறித்து நீராவியாகும். அந்த நீரை மின்பகுப்புச் செய்தால் ஒட்சிசன் கிடைக்கும். ஐதரசனும் திரும்பக் கிடைக்கும். அதை மீண்டும் பயன்படுத்தலாம். உலையில் மிஞ்சுவது இரும்பும் தைத்தானிய ஒட்சைட்டும்.

கேட்கச் சுலபம். கணக்குப் பார்த்தால் சுத்தமான இல்மனைட் 100 கிலோவிலிருந்து அதிகபட்சம் பத்தரைக் கிலோ ஒட்சிசன் வரும். நிலவு மண்ணில் பத்தில் ஒரு பங்கு இல்மனைட் என்று வைத்தால், ஒரு தொன் மண்ணைக் காய்ச்சிப் பெறுவது ஏறத்தாழ 10 கிலோ. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 840 கிராம். ஆக, ஒரு தொன் மண் ஒருவருக்குப் பன்னிரண்டு நாட்களுக்குக் காணும்.

இரண்டாவது வழி, மண்ணை உருகிய கல்சியம் குளோரைட்டில் இட்டு 950 பாகையில் மின்சாரம் பாய்ச்சுவது. பிரிட்டனின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட ஆய்வில், போலி நிலவு மண்ணிலிருந்த ஒட்சிசனில் 96 சதவீதம் வரை இந்த முறையில் பிரிக்கப்பட்டது. 2020இல் ஐரோப்பிய விண்வெளி முகவரகம் நெதர்லாந்திலுள்ள தனது நிலையத்தில் இதற்கென ஒரு மாதிரி ஆலையை அமைத்தது. இன்னொரு வழியில் லேசரால் மண்ணை உருக்கிக் காபனோடு வினைபுரிய விடுகிறார்கள். 2023இல் ஹியூஸ்டனிலுள்ள நாசா மையத்தில், வெற்றிடம் ஆக்கப்பட்ட பெரிய கோள வடிவக் கலனுக்குள் இது செய்து காட்டப்பட்டது.

இவை எல்லாம் பூமியில் நடந்தவை. நிலவின் தரையில் இதுவரை ஒரு கிராம் ஒட்சிசன்கூட இப்படி எடுக்கப்படவில்லை. பூமிக்கு வெளியே மனிதர் உண்மையாக ஒட்சிசன் தயாரித்தது செவ்வாயில். பேர்சிவியரன்ஸ் ஊர்தியில் போன 'மொக்சி' என்ற பெட்டி, 2021க்கும் 2023க்கும் இடையில் 16 தடவை இயங்கி, அங்குள்ள காபனீரொட்சைட்டிலிருந்து மொத்தம் 122 கிராம் ஒட்சிசன் எடுத்தது. ஒரு மனிதர் மூன்றரை மணித்தியாலம் மூச்சு விட அது காணும்.

நாமக்கல் மண்ணும் புல்மோட்டை மணலும்

இந்த ஆய்வுகளுக்கு உண்மையான நிலவு மண் போதாது. அப்பல்லோ பயணங்கள் ஆறும் சேர்ந்து கொண்டுவந்தது 382 கிலோ மட்டும். அதனால் நிலவு மண்ணைப் போன்ற மண்ணைப் பூமியில் தேடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்திலுள்ள சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய கிராமங்களில் அனோர்த்தசைட் என்ற வெள்ளைச் சாயலான பாறை இருக்கிறது. நிலவின் மேட்டு நிலங்கள் அதே வகைப் பாறையால் ஆனவை. இஸ்ரோ அங்கிருந்து சுமார் 50 தொன் எடுத்து அரைத்து, சந்திரயான் தரையிறங்கியையும் ஊர்தியையும் அதன்மேல் ஓட்டிப் பார்த்தது. 2023 ஓகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்தில் பிறந்த ப. வீரமுத்துவேல் திட்டப் பணிப்பாளராக இருந்த சந்திரயான் 3, நிலவின் தென் துருவப் பகுதிக்கு அருகே இறங்கியது. அன்று மாலை வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையில் நின்று அதை நேரலையில் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. கடைக்குள் கைதட்டல். வெளியே நின்ற முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர், "எங்கட ஆக்கள்" என்றார். கடலுக்கு அந்தப் பக்கத்தவரை அவர் அப்படிச் சொன்னதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

அந்த ஊர்தி அங்கே மண்ணைச் சோதித்தபோது கந்தகம், அலுமினியம், கல்சியம், இரும்பு, தைத்தானியம் ஆகியவற்றோடு ஒட்சிசனும் இருப்பதைக் காட்டியது. மண்ணின் சேர்க்கை மேட்டு நிலப் பாறைக்கு நெருக்கமானது என்பதும் உறுதியானது. இதில் ஒரு சிக்கல் உண்டு. மேட்டு நில மண்ணில் இல்மனைட் குறைவு. தென் துருவத்தில் பனிக்கட்டி இருக்கலாம். சில மேடுகளில் சூரிய ஒளி ஏறத்தாழ வருடம் முழுவதும் படும். இல்மனைட்டோ அங்கிருந்து தொலைவில், கறைபோலத் தெரியும் சமவெளிகளில் இருக்கிறது.

ஆயினும் இல்மனைட்டின் மதிப்புக் குறையவில்லை. 2020இல் சாங்இ 5 கலம் கொண்டுவந்த மண்ணை ஆராய்ந்த சீன விஞ்ஞானிகள், கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சூரியக் காற்றிலிருந்து படிந்த ஐதரசன் இல்மனைட்டில்தான் கூடுதலாகத் தங்கியிருப்பதாக 2024இல் அறிவித்தார்கள். மண்ணை நன்றாகச் சூடாக்கினால் அந்த ஐதரசனே ஒட்சிசனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு கிராம் மண்ணுக்கு 51 முதல் 76 மில்லிகிராம் வரை நீர் கிடைத்தது. வெளியிலிருந்து ஐதரசன் கொண்டுபோகவும் தேவையில்லை.

பூமியில் இதே கனியத்தை நாங்கள் தலைகீழாகப் பார்க்கிறோம். இங்கே இல்மனைட் தேவைப்படுவது தைத்தானியத்துக்காக. வெள்ளைப் பூச்சு, பற்பசை, கடதாசி, விமானப் பாகங்கள் என்று அதன் பாவனை நீளும். அதிலுள்ள ஒட்சிசனை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. நிலவில் ஒட்சிசன்தான் பொருள், தைத்தானியம் மிச்சம். ஒரே மணல், இடம் மாறும்போது விலையும் மாறுகிறது.

யாருடைய மூச்சுக்காக?

மாமாவின் மெஷின் ஒரு நாள் முழுவதும் ஓடினால் எட்டு யூனிட் மின்சாரம் அளவில் எடுக்கும். நிமிடத்துக்கு 5 லீற்றர் என்ற கணக்கில் அது ஒரு நாளில் தருவது ஏறத்தாழ 9 கிலோ ஒட்சிசன். ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. நிலவில் இல்மனைட் முறையில் மண்ணை அள்ளுவதிலிருந்து ஒட்சிசனைத் திரவமாக்குவது வரை ஒரு கிலோவுக்குச் சுமார் 24 யூனிட் தேவை என்று 2025இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இங்கே வாயுவாகப் பிரிப்பது, அங்கே திரவமாக்குவதுவரை என்பதால் இரண்டும் சரிநிகர் ஒப்பீடு அல்ல. ஆனாலும் 25 மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம் சிறியதல்ல. நிலவில் ஓர் இரவு என்பது எங்களுடைய 14 நாட்கள் வேறு.

அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு பாடு? பூமியிலிருந்து கொண்டுபோவது அதைவிடச் செலவு. நிலவுக்குப் பொதி ஏற்றும் அமெரிக்க நிறுவனமான அஸ்ட்ரோபொட்டிக், ஒரு கிலோவுக்குக் குறித்திருந்த கட்டணம் 12 இலட்சம் டொலர்.

அடுத்த கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் ஒரு வருடம் நிலவில் தங்கினால் அவர்கள் சுவாசிக்க வேண்டிய ஒட்சிசன் ஏறத்தாழ ஒன்றேகால் தொன். அதிலும் ஒரு பகுதியை, சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடப்பதைப்போல, மீட்டு எடுக்கலாம். ஆனால் ரொக்கெட் ஒன்றின் தாங்கிகளில் நிரப்பும் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒட்சிசன்தான். எரிபொருள் எரிய அது வேண்டும். பெரிய கலம் ஒன்றை நிலவிலிருந்து கிளப்ப நூற்றுக்கணக்கான தொன் தேவைப்படலாம். ஆகவே நிலவு ஒட்சிசனின் பெரிய வாடிக்கையாளர் மனிதரின் நுரையீரல் அல்ல, ரொக்கெட். நிலவில் எரிபொருள் நிரப்பும் வசதி எவரிடம் இருக்கிறதோ, அங்கிருந்து அப்பால் போகும் பாதையும் அவரிடம் இருக்கும்.

இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. விண்வெளி நிறுவனங்களே இதைத் திறந்து சொல்கின்றன. ஆனால் செய்திகள் எங்களிடம் வரும்போது 'நிலவில் மனிதர் மூச்சு விடலாம்' என்ற ஒரு வரியாக வந்து சேர்கின்றன. மூச்சு என்றால் எவரும் எதிர்க்க மாட்டார்கள். வியாபாரமும் படை வலிமையும் சேர்ந்த விடயம் என்று தெரிந்தால், யாருக்கு, எவ்வளவு, எந்தச் சட்டப்படி என்ற கேள்விகள் வரும்.

கறுப்பு மணலின் கதை

அந்தக் கேள்விகள் எங்களுக்குப் புதியவை அல்ல. புல்மோட்டைக் கரை உலகிலேயே செறிவான கனிய மணல் படிவுகளில் ஒன்று. ஏறத்தாழ 7 கிலோமீற்றர் நீளம். அங்குள்ள பாரக் கனியங்களில் சுமார் 70 சதவீதம் இல்மனைட். மிகுதியில் ரூட்டைலும் சேர்கோனும் உண்டு. 1957இல் அரசாங்கம் இதற்கென ஒரு கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது. இன்று அது இலங்கை கனிய மணல் நிறுவனம். ஆறு தசாப்தங்களுக்கு மேலாக அந்த மணல் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறிப் போகிறது. பெறுமதி சேர்க்கும் தொழிற்சாலை பற்றி ஒவ்வோர் அரசாங்கமும் பேசியிருக்கிறது.

முகத்துவாரத்துக்கு வடக்கே கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி. 1984 டிசெம்பரில் இந்தக் கிராமங்களின் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மாமாவும் அப்போதுதான் புறப்பட்டார். தோளில் ஒரு பை. கரைவலையைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, பிறகு கொழும்பு. ஊர் திரும்புவதற்கு மக்கள் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பிப் போனவர்களுக்குக் காணி, கடற்றொழில், கனிய மணல் அகழ்வு என்று மூன்று பக்கமும் பிரச்சினை. புல்மோட்டையின் முஸ்லிம் மக்களும் காணி விடயத்தில் இதேபோன்ற கதைகளைச் சொல்வார்கள்.

போர்க்காலத்தில் அந்த மணலும் போரின் பகுதியானது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்ற வந்திருந்த 'கோர்டியாலிட்டி' என்ற கப்பலைக் கடற்புலிகள் தாக்கினார்கள். கப்பலில் வேலை செய்த சீன மாலுமிகள் உயிரிழந்தார்கள். மணலோடும் போரோடும் எந்தச் சம்பந்தமும் இல்லாத தொழிலாளிகள் அவர்கள். அதையும் சொல்லாமல் இந்தக் கரையின் கதையை எழுத முடியாது.

பிறகு 2009. புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றப்பட்ட காயக்காரர்கள் முதலில் திருகோணமலைக்கும், மார்ச்சிலிருந்து புல்மோட்டைக்கும் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே இந்திய மருத்துவக் குழு ஒன்று கள வைத்தியசாலை அமைத்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் அந்தக் கறுப்பு மணல் கரையில்தான் இறங்கினார்கள். இதை வாசிப்பவர்களில் சிலருக்கு அந்தக் கரை நினைவில் இருக்கும். சிலர் தங்களோடு கப்பலேறியவரை அங்கே இழந்திருப்பார்கள்.

இன்று அதே கேள்வி மன்னாரில் நிற்கிறது. மன்னார்த் தீவின் இல்மனைட்டுக்காக அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாக ஆய்வுகள் செய்துவருகிறது. தாழ்ந்த தீவு, மணலை அகழ்ந்தால் கடல்நீர் கிணறுகளுக்குள் வரும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். 2025 ஓகஸ்டில் காற்றாலைத் திட்டத்துக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக அவர்கள் வீதியில் இருந்தார்கள். தென் தமிழகக் கரையில் தனியார் தாதுமணல் அகழ்வை 2013இல் தமிழ்நாடு அரசு நிறுத்த வேண்டி வந்ததையும் நினைவில் வைக்கலாம். மணல் எங்கே விலைபோனாலும், அந்த மணலில் வாழ்பவர்களிடம் கடைசியாகத்தான் கேட்கப்படுகிறது.

'பாதுகாப்பு வலயம்'

நிலவில் மனிதர் இல்லை. கரைவலை இல்லை, கிணறு இல்லை, வெளியேற்றப்பட ஊர் இல்லை. ஆகவே கொக்கிளாயையும் நிலவையும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. ஒப்பிடக்கூடியது சட்டம்.

1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், நிலவை எந்த நாடும் தனதென்று உரிமை கோர முடியாது என்கிறது. ஆனால் அங்கிருந்து அள்ளிய மண் யாருக்குச் சொந்தம் என்பதை அது தெளிவாகச் சொல்லவில்லை. 1979இல் வந்த நிலவு உடன்படிக்கை அந்த வளங்களை 'மனிதகுலத்தின் பொதுச் சொத்து' என்றது. நிலவுக்குப் போகும் வல்லமையுள்ள பெரிய நாடு எதுவும் அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. இந்தியா கையெழுத்திட்டது, அதற்கு அப்பால் போகவில்லை. 2015இல் அமெரிக்கா, விண்வெளியில் எடுத்த வளம் எடுத்த அமெரிக்கருக்கே சொந்தம் என்று சட்டம் செய்தது. 2020இல் வந்த ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் இன்று 50க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ளன. இந்தியா 2023 ஜூனில் கையெழுத்திட்டது. சீனாவும் ரஷ்யாவும் இதில் இல்லை. அவை தென் துருவத்தில் தமக்கென ஓர் ஆய்வு நிலையத்தைத் திட்டமிடுகின்றன.

அந்த உடன்படிக்கையின் 11ஆம் பிரிவில் வரும் ஒரு சொற்றொடரைத் தமிழில் எழுதும்போது எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. 'பாதுகாப்பு வலயம்'. ஒரு நாடு வேலை செய்யும் இடத்தைச் சுற்றி மற்றவர்கள் இடையூறு செய்யாதபடி ஒரு வலயத்தை அறிவிக்கலாம் என்பதே பொருள். நியாயமாகச் சொன்னால் நிபந்தனைகளும் உண்டு. வலயம் தற்காலிகமானது, வேலை முடிந்தால் முடிய வேண்டும், அளவு நியாயமாக இருக்க வேண்டும், மற்றவர்களுக்கு அறிவிக்க வேண்டும், உரிமை கோருவதாக அது ஆகாது.

எழுத்தில் எல்லாம் சரி. ஆனால் இந்தச் சொல்லோடு எங்களுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990இல் வீட்டைவிட்டுப் போனவர்கள், உயர் பாதுகாப்பு வலயத்தின் வேலிக்கு வெளியே நின்று இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் தங்கள் காணியைப் பார்த்தார்கள். இன்னும் திரும்பக் கிடைக்காத காணிகள் இருக்கின்றன. 2009இல் ஜனவரியில் ஒரு பாதுகாப்பு வலயம், பெப்ரவரியில் இன்னொன்று, மே மாதத்தில் மூன்றாவது என்று அறிவிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறியது. அங்கே என்ன நடந்தது என்று இந்தப் பக்கங்களில் நான் விளக்கத் தேவையில்லை.

'தற்காலிகம்' என்ற சொல்லை நாங்கள் மூன்று கேள்விகளோடுதான் கேட்போம். முடிவு நாளை யார் குறிப்பது? நியாயமான அளவு எது என்று யார் அளப்பது? வேலிக்கு வெளியே நிற்பவர் எங்கே போய் முறையிடுவது? ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையில் இந்த மூன்றுக்கும் உறுதியான பதில் இல்லை. வலயத்தை அறிவிப்பவரே அளக்கிறார். ஒட்சிசன் எடுக்கும் ஆலை வருடக்கணக்கில் ஓடும் என்பதால் வேலை முடிவதும் அவர் சொல்வதுதான். தென் துருவத்தில் ஒளி நிறைந்த மேடுகள் மிகச் சில. மின்சாரம் அங்கேதான் கிடைக்கும். முதலில் போய் இறங்குபவரின் வலயம் அந்த மேட்டில் விழுந்தால், பிந்தி வரும் நாட்டுக்கு நிலவு முழுவதும் திறந்து கிடந்தும் பயன் இல்லை. மார்ச் மின்வெட்டில் மாமாவைச் சுற்றிக் காற்று இருந்ததைப் போன்ற நிலைதான்.

கொழும்பு என்ன சொல்லப் போகிறது?

இலங்கையிடம் ரொக்கெட் இல்லை. எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒருகாலத்தில் இந்த நாடு இப்படிப்பட்ட விடயத்தில் முன்வரிசையில் இருந்தது. ஆழ்கடல் அடித்தளத்தின் வளங்கள் மனிதகுலத்தின் பொதுச் சொத்து என்ற கொள்கையைச் சட்டமாக்கிய ஐக்கிய நாடுகள் கடற்சட்ட மாநாட்டுக்கு, 1980இல் இறக்கும்வரை தலைமை வகித்தவர் இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. கப்பல் பலம் இல்லாத சிறிய நாடு ஒன்றின் இராஜதந்திரி, கடலுக்கு அடியில் உள்ளது பலசாலிக்கு மட்டும் போகக்கூடாது என்ற பேச்சுவார்த்தையை நடத்தினார். அதே காலத்தில் அதே அரசு தன் சொந்தக் கரையின் மணலைப் பற்றிக் கரையோர மக்களோடு பேசவில்லை. 1984இல் அவர்கள் ஊரிலேயே இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நிலவின் வளம் பற்றிய விதிகள் இன்று ஐக்கிய நாடுகள் சபையின் விண்வெளிக் குழுவில் பேசப்படுகின்றன. பாதுகாப்பு வலயங்களுக்கு முடிவுத் திகதியும் வெளியாரின் மேற்பார்வையும் முறையிட ஓர் இடமும் வேண்டும் என்று கேட்கும் உரிமை ரொக்கெட் இல்லாத நாடுகளுக்கும் உண்டு. அப்படிக் கேட்கும் அரசு, புல்மோட்டை, கொக்கிளாய், மன்னார் விடயத்திலும் அதே மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். அகழ்வுக்கு எடுத்த காணி எப்போது திரும்பும்? எவ்வளவு மணல் போகிறது, எவ்வளவு வருமானம் வருகிறது, அதில் அந்தப் பிரதேசத்துக்கு எவ்வளவு? பாதிக்கப்பட்டவர் எங்கே போவது? இவற்றைக் கேட்பது விஞ்ஞானத்துக்கு எதிரானதல்ல. நிலவில் ஒட்சிசன் எடுத்தால் நான் சந்தோசப்படுவேன். மாமா என்னைவிடச் சந்தோசப்படுவார்.

அன்று புறப்படும்போது இதில் பாதியை அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அங்க மண் எடுக்கிறதெண்டா யாரிட்டக் கேக்கவேணும்?"

"அங்க ஒருத்தரும் இல்லையே மாமா. மற்ற நாடுகளுக்கு அறிவிச்சாக் காணும்."

"எங்களுக்கு அறிவிக்கவும் இல்ல, பிள்ளை" என்றார். பிறகு மெஷினின் பக்கம் திரும்பி, இந்த மாத மின்சாரப் பட்டியல் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.